மறைந்து தோன்றும் பழுது

கடைசல் என்பது மிகப் பழமையான தொழில்களுள் ஒன்று. சுழலும் மரத்தின்மீது உளியைப் பதித்து, கட்டிற்காலும் தொட்டிற்குமிழும் ஆக்கிய கைவினைஞரைத் தமிழகம் நெடுங்காலமாக அறியும். அக்கடைசலே பின்னர் இரும்பிற்கும் வந்தது. இங்கிலாந்து நாட்டைச் சார்ந்த ஹென்றி மாட்ஸ்லே என்பார், ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டில், திருகுமரையைப் பிழையின்றி வெட்டும் கடைசல் பொறியை அமைத்தார். 1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவில் பொறித்த எண்களைக் கொண்டே இயங்கும் துருவல் பொறி ஒன்று செய்து காட்டப்பெற்றது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பெற்றது. இவ்வாறு தோன்றியதே சி.என்.சி. லேத் எனத் தொழிலாளர் வழங்கும் கடைசல் பொறி.

கடலூர் மாவட்டத்தில் இப்பொறிக்கு வேலை மிகுதி. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. கடலூரை அடுத்துச் சிப்காட் தொழிற்பேட்டை உண்டு. இவற்றின் எந்திரங்களில் தேயும் தண்டுகளுக்கும் உருளைகளுக்கும் மாற்றுறுப்புகள் கடைந்தாக வேண்டும். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் கல்வியும் கற்பிக்கப்படுகிறது.

இப்பொறியில் மனிதன் கைப்பிடியைச் சுற்றுவதில்லை. வெட்டுளி செல்ல வேண்டிய வழியைக் கணிப்பொறி கட்டளையிடுகிறது. சர்வோ மோட்டார் எஃகுத் திருகுதண்டைச் சுழற்றி உளியை நகர்த்துகிறது. மோட்டாரின் பின்புறத்தில் என்கோடர் என்னும் அளவு கருவி ஒன்று உண்டு. அது, 'இவ்வளவு சுழன்றேன்' என்று நொடிதோறும் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்புகிறது. கட்டளையும் செய்தியும் ஒத்திருக்கும் வரையில் பொறி ஓடும். செய்தி ஒருகணம் அறுந்தாலும், பொறி நின்று, திரையில் ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டும்.

பழுது இருவகைப்படும். ஒன்று, நிலைத்த பழுது. மற்றொன்று, மறைந்து தோன்றும் பழுது. முன்னதைத் தேடுவது எளிது. தேடும்போதெல்லாம் அது அவ்விடத்திலேயே இருக்கும். பின்னதோ, தொழிலாளி ஒருவனாக நிற்கும்போது தோன்றும். பழுது நீக்குவோர் வந்தவுடன் மறையும். பொறியை நிறுத்தி மீண்டும் முடுக்கினால் ஒன்றும் நடவாததுபோல ஓடும். ஆகவே, பழி பெரும்பாலும் தொழிலாளியின் மீதே விழும். 'கவனக்குறைவு' என்னும் ஒரு சொல்லால் அவனது நற்பெயரும் சில வேளைகளில் ஊதியமும் கெடும். பழுதின் காரணம் காணுதல் பொறிக்கு மட்டுமன்றி, மனிதனுக்கும் செய்யும் நீதியாகும்.

இத்தகைய பழுதுக்குக் காரணங்கள் பல. இணைப்பிகள் அதிர்வினால் தளரலாம். கடற்கரை ஊர்களில் உப்பு ஈரம் செப்புத் தொடர்பு முனைகளை அரிக்கலாம். உளியைக் குளிர்விக்கும் கூலன்ட் நீர், சுவிட்சுக்குள் கசியலாம். அருகில் பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழலாம். வெப்பமும் தன் பங்கைச் செய்யும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு, வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாக நீளும். நூறில் ஒரு பங்கு பிழையும் பொறுக்காத வேலையில் இது பெரும்பிழையன்றோ?

இத்தனை காரணங்களுள் உண்மைக் காரணத்தை அறிவது எங்ஙனம்? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு பட்டறையில், மூன்று நாட்களுக்கு ஒருமுறை பொறி நிற்கிறது எனக் கொள்க. குறுக்குவாட்டில் உளியை நகர்த்தும் மோட்டாரின் என்கோடர் செய்தி அறுந்தது என எச்சரிக்கை எண் கூறுகிறது. உடனே அம்மோட்டாரைக் கழற்றி மாற்றுகின்றனர், பெரும்பொருள் செலவாகிறது. இரண்டு நாட்கள் அமைதி. மூன்றாம் நாள் மீண்டும் அதே எண்!

அறிவுடையோர் முதலில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குவர். பொறி நின்ற நாள், நேரம், அப்போது உளி நின்ற இடம், நகர்ந்த திசை, கூலன்ட் பாய்ந்ததா என்பது, மின்னழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுவர். ஐந்தாறு பதிவுகள் சேர்ந்ததும் உண்மை தலைகாட்டும். காலை, மாலை என்னும் வேறுபாடு அதில் இல்லை. ஆகவே வெப்பம் காரணமன்று. மின்னழுத்தம் சீராகவே இருந்தது. ஆனால், பொறி நின்றபோதெல்லாம் உளித்தாங்கி நெடுக்குவாட்டில் விரைந்து, ஒரே இடத்தைக் கடந்துகொண்டிருந்தது. குறுக்கு மோட்டார் அத்தாங்கியின் மீதே அமர்ந்து உடன் செல்வது. அதன் கேபிளும் சங்கிலிபோன்ற காப்புறையினுள் வளைந்து வளைந்து உடன் செல்வது. எனவே, ஐயம் மோட்டாரை விட்டுக் கேபிளுக்கு மாறுகிறது.

மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, கேபிளின் இருமுனைகளையும் கழற்றி, மல்டிமீட்டரைப் பொருத்துகின்றனர். கேபிளைக் கையால் மெல்ல வளைத்துக்கொண்டே செல்கையில், ஓரிடத்தில் முள் துள்ளுகிறது. அங்கே மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே செப்பிழை முறிந்திருக்கிறது. நேராக நிற்கும்போது முறிந்த முனைகள் தொட்டுக்கொள்ளும்; வளையும்போது பிரியும். இதுவே அப்பழுதின் மாயம்.

இதில் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் குணப்படுத்தியது எது என்பது விளங்காது. ஒரே வகையான இரு ரிலேக்களில் ஒன்றை ஐயுற்றால், அவற்றை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். பழுதும் உடன் இடம் மாறினால் ரிலேயே குற்றவாளி, மாறாவிடில் கம்பிவழியே குற்றவாளி. மூன்று நாட்களுக்கு ஒருமுறை வரும் பழுது ஒரு நாள் வாராமையால் தீர்ந்ததாகாது. பல நாட்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே தீர்ந்ததெனக் கொள்ளலாம்.

எச்சரிக்கையை அழித்துவிட்டு ஓட்டுவதும், கதவின் காப்பு சுவிட்சைக் கட்டிவைத்து ஓட்டுவதும் பெருந்தீங்காகும். எச்சரிக்கை பொறியின் பகையன்று. அது பொறியின் வாய்ச்சொல்.

நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருத்துவனுக்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை பொறி மருத்துவனுக்கும் பொருந்துவதே. கருவிகள் மாறலாம், ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும், காரணம் காணும்வரை பிறர்மீது பழிகூறாப் பொறுமையும் எக்காலத்தும் வேண்டப்படுவன.