ஸெர்மாட்டில் வேனிற்காலம்

ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் தென்னெல்லையில், இத்தாலியினின்றும் அதனைப் பிரிக்கும் பெருமலைத் தொடரின் அடியில், ஸெர்மாட் என்னும் சிற்றூர் ஒன்றுளது. கால்களில் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு வெண்பனியின்மீது சறுக்கி விளையாடுவார்க்கு அவ்வூர் உலகெங்கும் அறிந்த பெயர். ஆதலின், பனி உருகிய மாதங்களில் அங்குச் செல்வார்க்குக் காண்பதற்கு யாதுளது என நண்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். உண்மையில் அவ்வூருக்கு அயல்நாட்டாரை முதன்முதல் ஈர்த்தது வேனிற்காலமேயாம். அலெக்ஸாண்டர் ஸெய்லர் என்பார் 1850களில் மான்டி ரோஸா விடுதியை நடத்தத் தொடங்கியதும், விஸ்ப் என்னும் ஊரிலிருந்து இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டு வந்து சேர்ந்ததும், வேனில் விருந்தினரை நம்பியே. பனிக்காலத்தில் விடுதிகள் அடைத்துக் கிடந்தன. 1920களின் இறுதியிற்றான் அவை அக்காலத்தும் திறக்கப்படலாயின. சறுக்கு விளையாட்டு அவ்வூர்க்குப் பின்வந்த செல்வம்.

ஆயினும், வேனில் என்றவுடன் அபாயம் நீங்கிய காலம் என்று எண்ணிச் செல்வோர் உளர். நாமும் அங்ஙனம் எண்ணிச் சென்றவரே. அவ்வெண்ணத்தை அவ்வூர் எவ்வாறு திருத்தியது என்பதையும், இனிச் செல்வார்க்குப் பயன்படும் சில செய்திகளையும் ஈண்டு எழுதுவோம்.

ஸூரிச் விமான நிலையத்தினின்றும் ரெயிலேறி, விஸ்பில் வண்டி மாறினால், ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் ஸெர்மாட்டை அடையலாம். மோட்டார் வண்டியில் வருவோர் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னுள்ள டேஷ் என்னும் ஊரிலேயே அதனை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிடம் ரெயிலில் வரவேண்டும். பெட்ரோல் வண்டிகட்கு ஊருக்குள் இடமில்லை. மின்சாரத்தால் இயங்கும் சிறு பெட்டி வண்டிகளே தெருவில் ஓடுகின்றன. அவை ஓசையின்றிப் பின்னால் வந்து நிற்பதால், பேசிக்கொண்டே நடுத்தெருவில் நடக்கும் நம் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுதல் நலம். 'மாட்' என்பது புல்வெளி. புல்வெளியை அடுத்த ஊர் என்பதே ஸெர்மாட் என்னும் பெயரின் பொருள். கடைத்தெருவின் பகட்டைக் கண்டு வெறுப்புற்றவர் சிறிது ஒதுங்கிப் பழைய பகுதிக்குச் செல்க. வெயிலிற் கருத்த மரத்தாலாய களஞ்சியங்கள் அங்கு நிற்கின்றன. அவற்றின் ஒவ்வொரு காலின் மேலும் தட்டையான வட்டக்கல் ஒன்று வைத்து, அதன்மேற் களஞ்சியத்தை எழுப்பியுள்ளனர். காலில் ஏறிவரும் எலி கல்லின் விளிம்பைத் தாண்டவியலாது. வேனில் மாதங்களில், முன்பாதி கறுப்பும் பின்பாதி வெளுப்புமான வெள்ளாடுகளைக் காலையும் மாலையும் தெருவழியே ஓட்டிச் செல்வதும் ஒரு காட்சியாம்.

ஊருக்கு மேலே கார்னெர்கிராட் என்னும் முகட்டிற்குச் செல்லும் மலை ரெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். நம் நாட்டு மலை ரெயிலுக்கும் அதற்கும் உறவுண்டு. செங்குத்தான பாதையில் வழவழப்பான சக்கரம் வழுக்கும். ஆதலால் இரு தண்டவாளங்கட்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டைகளைப் பதித்து, வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அப்பற்களைப் பற்றி ஏறுமாறு செய்கின்றனர். இரண்டு பட்டைகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருமாறு அமைத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் ஸ்விஸ் பொறியாளர். இதனால் எந்நேரத்திலும் ஏதேனுமொரு பல் பட்டையைப் பற்றியே இருக்கும். கார்னெர்கிராட் பாதை இம்முறையில் அமைந்து 1898இல் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் நீலகிரிப் பாதையும் இம்முறையினதே. அது திறக்கப்பட்டது 1899இல். நீலகிரியில் ஓடிய புகழ்பெற்ற நீராவி எஞ்சின்களும் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரிற் செய்யப்பட்டவை.

உறவினரிடையே வேறுபாடும் உண்டு. நீலகிரிப் பாதை பன்னிரண்டடிக்கு ஓரடி வீதம் ஏறுகின்றது. இதுவோ சிற்சில இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி ஏறுகின்றது. தொடக்கமுதலே மின்சாரத்தால் இயங்குவது. மேட்டுப்பாளையத்தினின்றும் உதகை சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். இவ்வண்டியோ 33 நிமிடத்தில் ஏறத்தாழ 4,900 அடி உயர்த்தி, 10,135 அடி உயரத்தில் நம்மை இறக்கிவிடுகின்றது. மேலேறும்பொழுது வலப்புறத்து இருக்கை கிடைப்பின் மாட்டர்ஹார்ன் சிகரம் கண்ணைவிட்டு நீங்காது. முகட்டில் நின்றால் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் 29ஐ எண்ணலாம். ஸ்விட்ஸர்லாந்திலேயே உயர்ந்த டூஃபூர் சிகரம் எதிரே நிற்கும்.

இவ்விரைவே புதியோர்க்கு இடர் விளைப்பது. ஸெர்மாட் ஊர் ஏறத்தாழ 5,300 அடி உயரமே உடையது. நம் உதகையைவிடத் தாழ்ந்தது. 'உதகையில் வாழ்ந்தோமே, இங்கென்ன?' என்று நாம் துணிந்ததற்கு இதுவே காரணம். வந்து சேர்ந்த மறுநாட் காலையிலேயே, களைப்புத் தீருமுன், கேபிள் கார் ஏறிச் சின்ன மாட்டர்ஹார்ன் என்னும் 12,740 அடி உயரமுள்ள முனைக்குச் சென்றோம். ஐரோப்பாவில் கேபிள் கார் நிலையங்களுள் இதுவே மிக உயர்ந்தது. அங்குக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் ஐந்தில் மூன்று பங்கிற்குச் சிறிதே கூடுதல். மூச்சொன்றுக்கு உட்செல்லும் பிராணவாயுவும் அவ்வளவிற் குறையும். உடல் இதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ள நாட்கள் சில வேண்டும். நாமோ ஒரு மணி நேரமும் தரவில்லை.

எம்முள் இளையவர் ஒருவர். கால்பந்தாட்டத்திற் பரிசு பெற்றவர். படி ஏறுகையிலேயே தலைநோவு தொடங்கியும், மற்றவர் மகிழ்ச்சியைக் கெடுத்தல் ஆகாதென்று வாய் திறவாதிருந்தார். பனியாற்றின் உட்புறத்தைக் குடைந்தமைத்த குகையைக் காணச் சென்றபொழுது, சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாந்தியும் எடுத்தார். முகம் வெளிறியது, கேட்ட கேள்விக்கு விடை தாமதமாக வந்தது. நாம் செய்வதறியாது தேநீர் வாங்க ஓடினோம். நிலையத்துப் பணியாளர் ஒருவர் அவரைக் கண்டதும், "தேநீர் வேண்டா, அடுத்த பெட்டியிற் கீழே கொண்டு செல்லுங்கள்," என்று கடிந்தே கூறினார். ஊர் வந்து ஒரு மணி நேரத்திற்குள் அவர் எழுந்தமர்ந்து உணவு கேட்டார். உயர நோய்க்குக் கீழிறங்குதலே முதன்மையான மருந்து. தலைநோவு, குமட்டல், தள்ளாட்டம் இவற்றுள் ஒன்று தோன்றினும், செலவிட்ட சீட்டின் விலையைப் பாராது உடனே இறங்குக. உடல் வலியோர்க்கு இது வாராது என்பது பொய். முதலிரு நாட்கள் ஊரிலும் அதனையடுத்த சரிவுகளிலும் உலவி, மூன்றாம் நாள் கார்னெர்கிராட் சென்று, அதன்பின் சின்ன மாட்டர்ஹார்ன் செல்வதே தக்க முறை.

அம்முதலிரு நாட்களுக்கு உரிய நடையையும் கூறுவோம். ப்ளௌஹெர்ட் என்னும் நிலையத்தில் தொடங்கி ஸ்டெல்லி, கிரிண்ட்யி, கிரூன், மூஸ்யி, லை என்னும் ஐந்து ஏரிகளைக் கண்டு ஸுன்னெகாவில் முடியும் பாதை ஒன்றுண்டு. இரண்டரை மணி நடை என்பர். நம் கால்கட்கு நான்கு மணி வைத்துக்கொள்க. காற்றெழுமுன், அதிகாலையில், ஸ்டெல்லி ஏரியில் மாட்டர்ஹார்ன் தலைகீழாக முழுமையும் தோன்றும். மூஸ்யி ஏரி பால் கலந்த பச்சை நிறமாயிருப்பது கண்டு வியந்தோம். பனியாறு பாறையை அரைத்த நுண்பொடி நீரிற் கலந்திருப்பதே அந்நிறத்திற்குக் காரணமாம். லை ஏரியில் சிறுவர் நீராடுகின்றனர். நாம் கால் மட்டும் நனைத்துத் திருப்தியுற்றோம். இன்னும் துணிவுள்ளோர், பள்ளத்தாக்கிற் கீழேயுள்ள ராண்டா ஊரினின்றும் ஏறி, 2017இல் அமைத்த 494 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலத்தைக் கடக்கலாம். முன்னிருந்த பாலம் பாறை வீழ்ச்சியாற் சிதைந்தமையின் இது கட்டப்பட்டது. அவ்வூரருகேதான் 1991ஆம் ஆண்டு மலையின் ஒரு பக்கமே சரிந்து, சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை பள்ளத்தாக்கில் வீழ்ந்து, இருப்புப்பாதையை மூடியது.

மாட்டர்ஹார்ன் 14,692 அடி உயரமுள்ளது. அதன் உச்சியை மனிதர் முதன்முதல் மிதித்தது 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள். எட்வர்ட் விம்பர் என்னும் இருபத்தைந்து வயது ஆங்கிலேயச் சித்திரச் செதுக்காளரும், ஹட்ஸன் என்னும் குருவானவரும், ஹேடோ, டக்ளஸ் பிரபு என்னும் இருபது வயதும் நிரம்பாத இளைஞர் இருவரும், மிஷெல் க்ரோ என்னும் வழிகாட்டியும், ஸெர்மாட்டைச் சேர்ந்த டௌக்வால்டர் தந்தையும் மகனுமாக எழுவர் ஏறினர். இறங்குங்கால் ஹேடோ கால் வழுக்கிக் க்ரோவின்மேல் வீழ்ந்தார். ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஹட்ஸனும் டக்ளஸும் இழுக்கப்பட்டனர். டக்ளஸுக்கும் மூத்த டௌக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் எஞ்சினர். அறுந்த கயிறு, கொண்டு சென்ற கயிறுகளுள் மிக நலிந்தது. மூத்தவர் வேண்டுமென்றே அதனை அறுத்தார் என்ற பழிச்சொல், விசாரணையிற் குற்றமற்றவரெனத் தெளிந்த பின்னரும், அவரை விடவில்லை. அக்கயிற்றை இன்றும் ஊர்ப் பொருட்காட்சிசாலையிற் காணலாம். சுண்டுவிரற் பருமன்கூட இராதோ என நமக்குத் தோன்றியது. டக்ளஸின் உடல் இன்றளவும் கிடைத்திலது. ஆறாண்டு கழித்து, 1871இல், லூஸி வாக்கர் என்னும் பெண்மணி அச்சிகரத்தை ஏறி முடித்தார் என்பதை நம் கல்லூரி மாணவிகள் குறித்துக்கொள்வாராக.

ஆலயத்தின் அருகே மலையேறி மாண்டோர்க்கென ஒரு கல்லறைத் தோட்டமுண்டு. கல்லில் வெட்டிய வயதுகளைப் படித்துக்கொண்டே சென்றோம். பெரும்பாலும் கல்லூரி மாணவர்தம் வயது. எம் இளைய நண்பர் அங்கு நெடுநேரம் நின்றார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

இற்றைக் காலத்து வேனிலில் மற்றோர் அச்சமும் சேர்ந்துள்ளது. மலைப்பாறையின் பிளவுகளில் ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் பனிக்கட்டியே பாறைகளை ஒட்டி நிறுத்தும் சாந்து போல்வது. வெப்பம் மிகின் அச்சாந்து இளகும். 2003ஆம் ஆண்டின் கடும் வேனிலில், சிகரத்திற்கு ஏறும் வரையில் பாறை பெயர்ந்து வீழ்ந்து, மேலிருந்தோர் பலரை ஹெலிகாப்டர் கொண்டு மீட்க நேர்ந்தது. பனியாறுகளும் சுருங்குகின்றன. ஸ்விஸ் பனியாறுகள் 2022இல் மட்டும் தம் பருமனில் நூற்றுக்கு ஆறு பங்கை இழந்தன. அடுத்த ஆண்டில் மேலும் நான்கு. சின்ன மாட்டர்ஹார்னுக்குக் கீழுள்ள தியோடுல் பனியாற்றில் வேனிலிலும் சறுக்கி விளையாடலாம் என்பது ஸெர்மாட்டின் பெருமை. 2022 ஜூலை இறுதியில், போதிய பனியின்மையால் அதுவும் நிறுத்தப்பட்டது. 1986இல் காணாமற்போன ஜெர்மானியர் ஒருவரின் உடலை அப்பனியாறு 2023 ஜூலையில் வெளிப்படுத்தியது. இத்தாலிக்கும் ஸ்விட்ஸர்லாந்திற்கும் இடைப்பட்ட எல்லை, நீர் பிரியும் முகட்டை ஒட்டியது. பனி உருக முகடும் இடம் பெயர்கின்றது. ஆதலின் எல்லைக்கோட்டையே அவ்விடத்திற் சிறிது மாற்றியமைக்க இரு நாடுகளும் உடன்பட்டன. வரைபடத்தில் அசையாத கோடென்று பூகோள வகுப்பிற் கற்றதை நாம் அங்குத்தான் ஐயுறத் தொடங்கினோம்.

இனிச் சில சிறு குறிப்புக்கள். ஜூலை நடுவினின்றும் செப்டம்பர் நடுவரை நடைக்கு ஏற்ற காலம்; ஜூனில் உயர்ந்த பாதைகளிற் பனி எஞ்சியிருக்கும். காலை தெளிந்திருப்பினும் பிற்பகலில் இடிமழை வரக்கூடும். ஆகவே ஏழு மணிக்குப் புறப்பட்டு நண்பகற்குள் திரும்புக. பருத்தி ஆடை நனைந்தால் உலராது. கம்பளியும் மழைச்சட்டையும் வேண்டும். பனிமேற் படும் வெயில் கண்ணைச் சுடும். கறுப்புக் கண்ணாடியை மறவற்க. மலை மீட்சிக்கும் ஹெலிகாப்டருக்கும் பெருஞ்செலவாகுமாதலின், அதனையும் அடக்கிய இன்ஷூரன்ஸ் செய்துகொண்டே புறப்படுக. ஆபத்தில் அழைக்கவேண்டிய எண் 144. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல், சின்ன மாட்டர்ஹார்னினின்றும் இத்தாலிக்குக் கால் தரையிற் படாமலே கேபிள் காரிற் செல்லலாம், பாஸ்போர்ட்டை உடன்கொள்க.

வழிகாட்டிப் பலகைகள் மஞ்சள் நிறமுடையன. அவற்றில் தூரம் இராது, நடக்கும் நேரமே இருக்கும். வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு மலைப்பாதையைக் குறிக்கும். வெள்ளை நீலம் வெள்ளை கண்டால் நம் போன்றோர் திரும்பிவிடுதல் தகும். பலகையிலுள்ள நேரத்தை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு, கீழிறங்கும் கடைசி வண்டி எப்பொழுது என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்க. நாம் ஒரு நாள் அதனைத் தவறவிட்டு, ஸுன்னெகாவினின்றும் ஊர்வரை இருட்டில் முழங்கால் நடுங்க இறங்கினோம்.