பிடிக்காத நாவலை மறுபடியும் படிக்கலாமா? ஒரு கரிசல் காட்டு அனுபவம்!

ஊரே கொண்டாடும் நாவல். உங்களுக்கு மட்டும் பிடிக்கவே இல்லை. வெளியே சொன்னால், 'உனக்கு இலக்கியம் புரியலை'ன்னு சொல்லிடுவாங்களோ என்று பயம். அப்படி ஒரு புத்தகம் உங்கள் அலமாரியிலும் இருக்கும்தானே?

எனக்கு அது கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நான் கோவில்பட்டிக்காரி என்பதால் இதைச் சொல்லவே தயக்கம். கி.ரா பிறந்த இடைசெவல், எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில்தான் இருக்கிறது. கோவில்பட்டியில் அவருக்கு அரசு நினைவரங்கமே இருக்கிறது!

ஏன் பிடிக்கவில்லை?

1976-ல் வெளியான நாவல் இது. 19 வயதில் படித்தேன். ஒரு கொலையோடு கதை சூடுபிடிக்கும். அடுத்து என்ன என்று பார்த்தால், மங்கத்தாயாரு அம்மாள் என்ற வயதான பாட்டி, முன்னோர்கள் ஆந்திர தேசத்திலிருந்து தப்பி வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். ஹீரோ யாருன்னே தெரியலை. பாட்டி கதையைத் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

யோசித்துப் பார்த்தால், உண்மையான காரணம் வேறு. அப்போதுதான் வெளியூர் விடுதியில் சேர்ந்திருந்தேன். "ஆச்சி காட்டுக்குப் போயிருக்கு" என்றதும், "உங்க ஊர்ல புலி வருமா?" என்று சிரித்தார்கள். எங்களுக்குக் காடு என்றால் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற மானாவாரி நிலம். அன்றிலிருந்து 'காடு', 'வெஞ்சனம்' எல்லாவற்றையும் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். நான் ஒளித்துவைத்த பேச்சை அந்தப் புத்தகம் அச்சில் போட்டிருந்தது. எரிச்சல் வராதா?

இரண்டாவது வாசிப்பு

ஆச்சி இறந்த பிறகு, அவர் சொன்ன சில வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்க வீட்டில் ஆளில்லை. 1982-லேயே கரிசல் வட்டாரத்துக்கென்று சொல்லகராதி தொகுத்தவராச்சே என்று கி.ராவிடம் திரும்பி வந்தேன். நாவலையும் எடுத்தேன்.

இந்த முறை பாட்டி கதையைத் தள்ளவில்லை. வந்து சேர்ந்தவர்கள் காட்டுக்குத் தீ வைத்து, அழித்து, விளைநிலம் ஆக்குகிறார்கள். நிலத்தைக் 'காடு' என்று சொல்வதற்குப் பின்னால் இப்படித்தான் ஏதோ இருந்திருக்குமோ என்று தோன்றியது. ஹீரோவைத் தேடியதுதான் என் தப்பு. அந்தக் கிராமம்தான் ஹீரோ.

அப்போ எல்லாம் பிடித்துவிட்டதா? இல்லை. கதை நிலம் உள்ளவர்களின் பக்கமிருந்தே சொல்லப்படுகிறது. அதே மண்ணில் உழைத்த மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி இப்போதுதான் வந்தது. அதுதான் பூமணியின் 'பிறகு' நாவலுக்குக் கொண்டுபோய் விட்டது. 1979-ல் வந்தது. அதே கரிசல்தான். ஆனால், செருப்பு தைக்கும் அழகிரியின் வாழ்க்கை.

நீங்களும் முயற்சி செய்ய...

* பிடிக்காததற்குக் காரணம் மொழியா, வேகமா, கருத்தா? படிக்கும் முன்பே ஒரு வரியில் எழுதிவையுங்கள். படித்த பிறகு, அது இன்னும் சரியா என்று பாருங்கள்.

* போன முறை தள்ளிவிட்ட பக்கங்களை முதலில் படியுங்கள்.

* வட்டார மொழி தடுக்கினால், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

* அதே மண்ணைப் பற்றி வேறொருவர் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

50 பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லையா? தாராளமாக மூடிவையுங்கள். ஆனால், ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், இப்போது உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.