கலும்பாங் பிள்ளையும் கணினி மாநாட்டு மேடையும்

"கணினிக்கு நிரல் எழுத ஆங்கிலம் வேண்டுமே, எங்கள் பிள்ளைக்கு அது எப்படிக் கைகூடும்?" கலும்பாங் போன்ற தோட்டப்புற ஊர்களில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அதில் நியாயமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

இதற்கான பதில் ஒன்று நம் தலைநகருக்கே வந்தது. 2013 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், அதாவது உத்தமம், நடத்தும் மாநாடு இது. 2001இலும் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2013இல் இடம்பெற்ற கட்டுரைகளில் ஒன்று 'எழில்' பற்றியது. முத்தையா அண்ணாமலை, பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய தமிழ் நிரல்மொழி.

எழிலில் 'பதிப்பி' என்றால் கணினி திரையில் எழுதிக் காட்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை, சொல்தான் மாறியிருக்கிறது. அழகு வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கில வழி நிரல்மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். நாம் அப்படியா பேசுகிறோம்? "மழை பெய்தால் பால்வெட்டு இல்லை" என்கிறோம். மழைதான் முதலில். எழிலிலும் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, பிறகுதான் 'ஆனால்' போட வேண்டும். மாற்று வழிக்கு 'இல்லை', கடைசியில் 'முடி'. பாட்டியிடம் படித்துக் காட்டினாலும் பாதி புரியும்!

எழில் தெரிந்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. நிறுவனங்கள் கேட்பது பைத்தான், ஜாவா போன்றவற்றை. எழிலே பைத்தானில்தான் எழுதப்பட்டது. ஆனால், பைத்தான் தனக்கென ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் சுமார் 35தான். சிந்திக்கும் முறை தமிழில் பிடிபட்டுவிட்டால், அவற்றைக் கற்பது பெரிய காரியமல்ல.

இத்தகைய மாநாட்டில் பேச முதலில் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேச அஞ்சுவோர் முதன்முறை பார்வையாளராகப் போகலாம். தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டி. மலாயாப் பல்கலைக்கழகம் அவ்வளவு தூரந்தான்.

மேடை ஏறுபவர் எல்லாவற்றையும் சொல்ல முயலக்கூடாது. ஒரே ஒரு நிரலை இயக்கிக் காட்டினால் போதும். இணையம் கைவிட்டால் காட்ட, திரைப்படிவம் ஒன்றையும் எடுத்து வைத்திருப்பது நல்லது. கேள்வி நேரத்தில் விடை தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" எனலாம். பேராசிரியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.