இடைச்சொல்லும் தவளையின் மரபணுவும்

இடைச்சொல்லுக்குத் தனித்து இயங்கும் இயல்பு இல்லை, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே அது நடக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. ஆனால் 'அவன் வந்தான்', 'அவனே வந்தான்', 'அவனும் வந்தான்' மூன்றும் ஒன்றாகிவிடுமா? தானாக ஒன்றும் சொல்லாதது பிறவற்றின் பேச்சை எப்படித் தீர்மானிக்கிறது என்ற இந்தக் கேள்வியை உயிரியல் தவளையின் செல்லுக்குள் சந்தித்திருக்கிறது.

சாரல் காலத்தில் குற்றாலத்து ஓடைகளிலும் தென்காசி வயல்களிலும் கத்துகிற தவளையை எடுத்துக்கொள்வோம். அதன் செல்லில் புரதம் தயாராகும் பட்டறை ரைபோசோம். ஏராளமாகத் தேவைப்படுவதால், ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணு நூற்றுக்கணக்கான பிரதிகளாக வரிசைகட்டி நிற்கிறது. பிரதிக்கும் பிரதிக்கும் நடுவே ஓர் இடைவெளி. இதையெல்லாம் ஆராய்ந்தது ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்கத் தவளையான செனோபஸ் லேவிஸில். இந்த மரபணுக்களை இழந்த தலைப்பிரட்டை ரைபோசோம் ஆர்என்ஏவை உண்டாக்க முடியாமல் செத்துப்போகிறது என்பதை 1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் காட்டினார்கள்.

நடுவிலுள்ள இடைவெளிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'படியெடுக்கப்படாத இடைவெளி'. 60, 81 எழுத்து நீளமுள்ள தொடர்கள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. ரைபோசோமுக்கு ஒரு துண்டுகூடத் தராத இது என்னமோ சும்மா கிடக்கிறது என்கிற தீர்ப்பு அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆனால் மரபணுவின் தொடக்கமுனையை அப்படியே ஒத்த முனைகள் இடைவெளிக்குள்ளும் இருந்தன; அங்கேயும் படியெடுப்பு நடந்தது. பெயர் பொய்த்தது.

1983, 84இல் டாம் மாஸும் ரொனால்ட் ரீடரின் குழுவினரும் இம்மரபணுக்களைத் தவளையின் முட்டைச்செல்லிலும் கருவிலும் செலுத்திப் பார்த்தார்கள். அந்தத் தொடர்கள் கூட இருந்த மரபணு மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது. இல்லாதது போட்டியில் பின்தங்கியது. தொடக்கமுனையின் 42 எழுத்துக்களை ஒத்த பகுதி ஒவ்வொரு தொடரிலும் உண்டு. படியெடுப்புக்கு வேண்டிய புரதம் அங்கும் வந்து உட்காருகிறது.

லேவிஸையும் போரியாலிஸ் என்ற இன்னொரு இனத்தையும் கலந்தால் பிறக்கும் கருவில் இரண்டின் மரபணுக்களும் இருக்கும். தொடக்கத்தில் பேசுவது பெரும்பாலும் லேவிஸ்தான். போரியாலிஸின் மரபணுவில் குறை எதுவும் இல்லை. அதன் இடைவெளியில் இத்தொடர்கள் குறைவு என்பதே ரீடர் தந்த விளக்கம்.

'விளிம்பு' என்றதும் அதைப் பாவப்பட்டதாகவே வாசித்துப் பழகிவிட்டோம். இங்கே விளிம்பே அதிகாரம் செய்கிறது. சுண்டெலியில் இடைவெளியிலிருந்து பிறக்கும் ஆர்என்ஏ, மரபணுக்களின் வாயை அடைக்கவும் உதவுகிறது என்று 2006இல் இங்க்ரிட் கிரம்ட் குழுவினர் கண்டார்கள். செல்லிலிருந்து சமூகத்துக்கு நேர்கோடு இழுத்துவிட முடியாதுதான். ஆனாலும் மேடையில் ஒரே கோஷம் நூறு தடவை ஒலிக்கும்போது, அது என்ன சொல்கிறது என்பதோடு, அதனால் யாருடைய குரல் கேட்காமல் போகிறது என்றும் கேட்டாக வேண்டும்.