டாட்சன் பிக்கப்பின் இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

19ஆம் நூற்றாண்டில் ராஜா ஜுமாத்தின் ஆட்சியில் வெள்ளீயச் சுரங்கங்களால் செழித்து, பின்னர் ரப்பருக்கும் செம்பனைக்கும் மாறிய, மலேசியாவின் லுக்குட் வட்டாரத்தில், ஒரு பிக்கப் வண்டி காலையில் தோட்டத்துச் செம்மண் பாதையில் பாரம் இழுத்துவிட்டு மாலையில் சிரம்பான் சாலையில் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். 1972 முதல் 1979 வரை தயாரான டாட்சன் 620 போன்ற பழைய பிக்கப்பை இத்தகைய அன்றாட உழைப்பில் வைத்துக்கொண்டே அதன் இஞ்சினைப் புதுப்பிக்க எண்ணுபவர், குதிரைத்திறனைக் கூட்டும் ஆசையை ஒதுக்கிவிட்டு, வண்டி எவ்வளவு பாரம் இழுக்கிறது, எத்தனை நாள் ஓடாமல் நிற்க முடியும் என்னும் இரண்டு கேள்விகளிலிருந்தே திட்டத்தைத் தொடங்குவது நல்லது.

இஞ்சினைக் கழற்றுவதற்கு முன் செய்யவேண்டியது அழுத்தச் சோதனை. சூடான இஞ்சினில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அமுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்பதை அளவுமானி காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன என்றும், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ கசிகிறது என்றும் பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஹெட்டை மட்டும் கழற்றிச் சீர்செய்யும் ‘டாப் ஓவர்ஹால்’ போதுமா, முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டுமா என்பதை இந்தச் சிறு சோதனையே பெரிதும் தீர்மானிக்கிறது. அதைச் செய்யாமல் பிரிப்பவர்கள் தேவையற்ற செலவை வலிய இழுத்துக்கொள்கிறார்கள்.

620 பல நாடுகளில் ஜே15 என்னும் 1,483 சிசி இஞ்சினோடு விற்கப்பட்டது. 78 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் சிலிண்டர்கள் ஓட ஓட நீள்வட்டமாகத் தேய்வதால், லேத்துப் பட்டறையில் அவற்றைச் சற்றே பெரிதாகக் குடைந்து, அந்த அளவுக்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பொருத்துவார்கள்; இதுவே ‘ரீபோர்’. இங்கே புதியவர்கள் தவறவிடுவது வரிசையைத்தான். பழைய வண்டிக்கு எல்லா அளவிலும் பிஸ்டன் கிடைப்பதில்லை ஆதலால், முதலில் பிஸ்டனைக் கையில் வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அதற்கேற்பக் குடையச் சொல்ல வேண்டும். ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இந்த விட்டத்துக்கு அது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இருக்கலாம். சந்து மிகக் குறைந்தால் சூட்டில் விரியும் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும்.

ஹெட்டைச் சீவினால் அழுத்த விகிதம் உயரும் என்பதால், தட்டையாக்கத் தேவையான அளவுக்கு மேல் சீவக்கூடாது. மலேசியாவில் 2009 செப்டம்பரில் ரோன் 92க்குப் பதிலாக வந்த ரோன் 95 பெட்ரோலையே நாள்தோறும் ஊற்றப்போகும் வண்டியில், பாரத்தோடு மேடேறும்போது இஞ்சின் ‘நாக்’ அடிக்காமல் இருப்பதே முக்கியம். காரீயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட இஞ்சின் எனில், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் கடினப்படுத்தப்பட்டவையா என்பதையும் அப்போதே பட்டறையில் கேட்டுவிட வேண்டும்.

வெப்ப நாட்டில் ரேடியேட்டரும் தண்ணீர்ப் பம்பும் இஞ்சினின் உட்பாகங்களுக்கு இணையான கவனத்தைக் கோருகின்றன. இஞ்சின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது பழைய வண்டிக்காரர்களிடம் ஊறிப்போன வைத்தியம்; உண்மையில் அது அடைபட்ட ரேடியேட்டரை மறைப்பதோடு, இஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாவதால் சிலிண்டர் தேய்மானத்தையும் கூட்டுகிறது. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். உள்ளே துருவைச் சேர்க்கும்.

வண்டியை நிறுத்தவே முடியாதவர், அதே வகை இஞ்சின் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி நிதானமாகப் புதுப்பித்து, பின்னர் ஓரிரு நாளில் மாற்றிக்கொள்ளலாம்; தொடக்கநிலையாளருக்கு இதுவே மிகப் பாதுகாப்பான வழி. ஆனால், வண்டியின் பதிவில் உள்ள இஞ்சின் எண் மாறிவிடுவதால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் நடைமுறையைப் பின்பற்றி, உரிய வாகனப் பரிசோதனையை முடித்து, பதிவைத் திருத்தியாக வேண்டும்; வாங்கிய இடத்து ரசீதைப் பத்திரப்படுத்தாதவர் அங்கேதான் சிக்குவார்.

புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், முதல் முறை உயிர்பெற்றதும் இஞ்சினை ஐடிலிங்கில் விடாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். இல்லையேல் கேமும் டாப்பெட்டும் போதிய ஆயில் தெளிப்பின்றி ஒன்றையொன்று அரித்துவிடும். அதன்பின் முதல் 500 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடியும் சரிபார்த்த பிறகே பாரம் ஏற்றலாம்.