சூதாட்டமும் வயது வரம்பும்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘சூது’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதன் கேடுகளைப் பத்துக் குறட்பாக்களில் எடுத்துரைத்தார். அவற்றுள் வயதைப் பற்றிய பேச்சே இல்லை. இளையோர்க்கு ஆகாதது முதியோர்க்கு ஆகும் என்று அவர் பாகுபடுத்தவில்லை. இக்கால அரசுகள் பலவோ சூதினை முற்றும் விலக்காமல், ஒரு வயதைக் கோடாக இட்டு, ‘இப்பால் குற்றம், அப்பால் குற்றமன்று’ என வரையறுக்கின்றன. அக்கோடு நாட்டுக்கு நாடு மாறுபடுவது ஏன் என்பதைக் காண்போம்.

ஒருவன் சட்டப்படி முழு ஆளாகும் வயதே சூதாட்டத்திற்கும் உரிய வயது என்று பலர் கருதுவர். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி 21 வயது நிரம்பியவரே முழு உரிமை பெற்றவராவர். பிரிட்டிஷ் ஆட்சி நிலவிய நாடுகள் பலவற்றிலும் அவ்வெண் வேரூன்றியது. பின்னர் பிரிட்டன் 1970-இல் அதனை 18 ஆகக் குறைத்தது. மலேசியா 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 ஆக்கியது. சிங்கப்பூரில் 2009 முதல் 18 வயதினர் பெரும்பாலான ஒப்பந்தங்களைத் தாமே செய்துகொள்ளலாம்.

ஆளாகும் வயது இவ்வாறு இறங்க, சூதாட்ட வயது அதனுடன் இறங்கவில்லை. மலேசியாவில் 18 வயதினர்க்கு வாக்குரிமை வழங்கும் திருத்தம் 2019-இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அவ்விளைஞர் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் 21 நிரம்பாமல் கெந்திங் மலையின் சூதாட்டக் கூடத்தில் நுழைதல் ஆகாது. ஜப்பான் 2022 ஏப்ரலில் ஆளாகும் வயதை 20-இலிருந்து 18 ஆக்கியது; குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் வயதையோ 20 என்றே நிறுத்திக்கொண்டது. மக்காவ் 2012 நவம்பரில் சூதாட்டக் கூடத்திற்குரிய வயதை 18-இலிருந்து 21 ஆக உயர்த்தியது. பிரிட்டனில் 1994-இல் தேசியப் பரிசுச்சீட்டு தொடங்கியபோது 16 வயதினரும் அதனை வாங்கலாம். 2021-இல் அவ்வயது 18 ஆயிற்று.

இஃது ஏன்? வாக்களிப்பவன் ஆர அமர எண்ணிப் பார்க்க நாட்கள் பல உண்டு. சூதாடுபவனுக்கோ நொடிகளே உள்ளன. இழந்ததை மீட்கும் வெறியும் உடன் சேர்கின்றது. உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதிற்குப் பின்னரும் வளர்ச்சியுறுகின்றது என்று மூளை நூலார் கூறுவர். ஆகவே நன்மை தீமையை அறியும் வயது வேறு. அறிந்த பின் கையை அடக்கும் வயது வேறு எனலாம்.

ஒரே நாட்டிற்குள்ளும் ஆட்டத்திற்கேற்ப வயது மாறுவதுண்டு. சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொது வரம்பு 21. ஆயினும், சிங்கப்பூர் பூல்ஸ் கடைக்கு நேரில் சென்று ‘நாலு நம்பர்’ வாங்க 18 போதும். நியூசிலாந்தில் சூதாட்டக் கூடத்திற்கு வயது 20. வெளியேயுள்ள சூதாட்டப் பொறிகளுக்கு 18. பிரிட்டனின் கடற்கரைக் கேளிக்கை அரங்குகளில் காசு தள்ளும் பொறிக்கும், பொம்மை கவ்வும் பொறிக்கும் வயது வரம்பே இல்லை. சிறுதொகை விளையாட்டு என அவற்றைச் சட்டம் விட்டுவிடுகின்றது. காசு போட்டுக் காத்திருக்கும் பழக்கமோ அங்கேயே முளைவிடலாம்.

கோட்டை மீறினால் யாது நேரும்? அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வரம்பு 21. அங்கு 1987-இல் 19 வயது இளைஞர் ஒருவர் சூதாட்டப் பொறியில் 10 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் வென்றார். வயது குறைந்தவர் என்பதால் அத்தொகை மறுக்கப்பட்டது, வழக்காடியும் கிடைக்கவில்லை. வென்றவர் பிடிபட்டார். அவ்வயதில் தோற்றவரோ எவர் கண்ணிலும் படாமல் போய்விடுவர். இவ்வகைச் சட்டத்தின் வலிமையும் குறையும் இதில் ஒருங்கே தெரிகின்றன.

சூதில் வரும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்பது வள்ளுவர் கருத்து. சட்டம் அத்தூண்டிலைச் சில ஆண்டுகள் தள்ளி வைக்கின்றது; எடுத்து எறிவதில்லை. கூடத்தின் வாயிலில் அடையாள அட்டை கேட்கும் காவலர் உண்டு. மாணவன் கையிலுள்ள தொலைபேசியில், சட்டத்திற்குப் புறம்பாக நடக்கும் ஆட்டங்களுக்கு அத்தகைய காவலர் இல்லை. ஆதலின் ‘சூது’ அதிகாரத்தைப் பயிற்றும் ஆசிரியர்கள், பொருளுரைப்பதோடு நில்லாமல், இன்றைய வயது வரம்புகளையும் எடுத்துக் காட்டுவாராக. ‘எனக்குத்தான் 21 ஆகிவிட்டதே’ என்று நாளை ஒருவன் எண்ணும் வேளையில், வயதே குறிக்காத அந்தப் பத்துப் பாக்களும் அவன் நினைவுக்கு வருதல் வேண்டும்.