வேலி வேண்டுவது காட்டுக்கன்று, வயலுக்கே

இலங்கையின் வறண்ட வலயத்தில் வேளாண்மை செய்யும் கமக்காரருக்கு நேரும் இடர்கள் பலவற்றுள், காட்டு யானையால் நேரும் இடர் தனித்தன்மை வாய்ந்தது. நெற்பயிரை வாட்டும் நோய்க்கும் பீடைக்கும் மருந்துண்டு. யானையோ ஓரிரவிற்குள் நான்கு மாத உழைப்பை மிதித்தழிப்பதோடு, பரணிற் காவலிருப்பவரின் உயிரையும் பறிக்க வல்லது. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் யானையால் உயிரிழந்த மனிதர் 100இற்கு மேற்பட்டோர். அதே ஆண்டில் ஏறக்குறைய 400 யானைகள் இறந்தன; அவற்றுட் பெரும்பகுதி மனிதரின் செயலால் மாண்டவை. 2011ஆம் ஆண்டிற் கணக்கெடுக்கப்பட்ட யானைகளின் தொகை 5,879 என்பதை எண்ணிப்பார்க்கையில், இப்பிணக்கு இரு தரப்பாருக்கும் எத்துணை இழப்பைத் தருகின்றது என்பது விளங்கும். பயிரையும் காத்து, யானையையும் அழியாது விடும் வழி உண்டா என்பதே இப்பிரசுரத்தின் பொருளாகும்.

யானை வயலுக்கு வருவதேன்?

முற்காலத்தில் மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் யானைகள் நிறைந்திருந்தன. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் யானையைக் கொன்றோருக்கு வெகுமதி வழங்கப்பட்டது. பின்னர் கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. இன்று ஈரவலயத்தில் எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. ஏனைய யாவும் வறண்ட வலயத்திலேயே வாழ்கின்றன. நீர்ப்பாசனத் திட்டங்களும் குடியேற்றங்களும் விரிவடைந்ததும் அதே வலயத்திலேயாம். 1949ஆம் ஆண்டில் ஆரம்பமான கல்லோயாத் திட்டமும், அதன்பின் வந்த மகாவலித் திட்டமும் நாட்டிற்குப் பெருமளவு நெல்லைத் தந்தன. ஆயின், முன்னர் யானைகள் நடமாடிய நிலத்திலேயே அவ்வயல்கள் எழுந்தன. இதனை அரசாங்கம் அக்காலத்திலேயே உணர்ந்து, 1954ஆம் ஆண்டிற் கல்லோயாத் தேசிய வனத்தையும், 1980ஆம் ஆண்டுகளில் மகாவலிப் பகுதியின் மாதுறு ஓயா, வஸ்கமுவ முதலிய தேசிய வனங்களையும் ஒதுக்கியது.

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் உணவை உட்கொள்ளும். மரங்கள் உயர்ந்து அடர்ந்த முதுகாட்டில் நிலமட்டத்திற் புல்லும் இளந்தளிரும் குறைவு. குளங்களின் நீர் வற்றிய படுகைகள், கைவிடப்பட்ட சேனைகள், அறுவடை முடிந்த வயல்கள், பற்றைக்காடுகள் ஆகியவற்றிலேயே யானைக்கேற்ற உணவு மிகுதியாக உண்டு. மின்னேரியாக் குளத்தின் நீர் கோடையில் இறங்குங்காலத்தில், படுகையில் முளைக்கும் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது இதற்குச் சான்றாகும். நீர்மட்டம் இறங்காத காலத்திற் புல் முளைக்க இடமின்றி, யானைகள் வேறிடம் நாடுகின்றன. எனவே, காட்டில் இடமில்லாமையால் மாத்திரம் யானை வெளியே வருகின்றது என எண்ணுதல் தவறு. யானை வாழும் நிலத்திற் பெரும்பங்கு தேசிய வனங்களுக்கு வெளியே, மனிதர் வாழும் பகுதிகளிலேயே அமைந்துள்ளது.

பயிரை அழிப்பவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகளே. தாயும் கன்றுமான கூட்டங்கள் மனிதரை அஞ்சி ஒதுங்கும் இயல்பின. ஆண் யானையோ பருவமெய்தியதும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தனியனாகவோ இரண்டு மூன்றாகச் சேர்ந்தோ அலையும். ஊட்டம் மிகுந்த நெற்கதிரும் சோளமும் அதற்கு உடல் வலிமையைத் தருவதால், ஆபத்தையும் பொருட்படுத்தாது இரவில் வயலுட் புகும்.

இதுவரை கையாண்ட முறைகள்

யானைகளைக் கூட்டமாக விரட்டித் தேசிய வனங்களுள் அடைத்து, வன எல்லையில் மின்வேலி அமைப்பதே நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்ட முறையாகும். இதனால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. தெற்கே யால, லுணுகம்வெஹெரப் பகுதிகளில் விரட்டி அடைக்கப்பட்ட பெண் யானைகளும் கன்றுகளும் உணவின்றி மெலிந்து மடிந்தன. பயிரழித்த ஆண் யானைகள் பலவோ விரட்டலுக்கு அகப்படாது வெளியிலேயே தங்கின. ஒரு தனியனைப் பிடித்துத் தொலைவிற் கொண்டுபோய் விடுதலும் அத்தகையதே. அவ்வாறு விடப்பட்ட யானைகளின் கழுத்திற் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, சில தாம் பிடிபட்ட இடத்திற்கே மீண்டமையும், வேறு சில வழியிலுள்ள புதிய கிராமங்களிற் சேதம் விளைத்தமையும் காணப்பட்டன.

வன எல்லையில் அமைந்த வேலிகளுக்கு இன்னுமொரு குறைபாடுண்டு. அவை பெரும்பாலும் ஒரு திணைக்களத்தின் காணிக்கும் மற்றொரு திணைக்களத்தின் காணிக்கும் இடையிலான எல்லையைப் பின்பற்றிச் செல்கின்றன. ஆகவே வேலியின் இரு புறத்திலும் காடும் உண்டு, யானையும் உண்டு. ஊரிலிருந்து நெடுந்தொலைவிற் காட்டினூடே செல்லும் கம்பி அறுந்தாலும், அதனைக் காண்பார் எவருமிலர். காவலற்ற வேலியில் யானை தன் விருப்பம்போற் பழகி, மின்சாரம் பாயாத கம்பத்தைக் காலாலோ உடலாலோ தள்ளிவிடக் கற்றுக்கொள்கின்றது. ஒருமுறை அதனைக் கற்ற யானைக்குப் பின்னர் எந்த வேலியும் பெரிதன்று.

வயலைச் சூழும் பருவ வேலி

மேற்கூறிய அனுபவங்களால் அறியப்படுவது யாதெனில், அடைக்கப்படவேண்டியது யானையன்று, பயிரே என்பதாம். குருநாகல், அநுராதபுரம் முதலிய மாவட்டங்களிற் பல கிராமங்கள் இம்முறையைக் கைக்கொண்டு பயனடைந்துள்ளன. விதைப்புக்கு முன்னர் ஒரு வட்டையின் கமக்காரர் யாவரும் கூடி, வயற்பரப்பைச் சுற்றி இலேசான மின்வேலியை அமைப்பர். அறுவடை முடிந்ததும் அவ்வேலியைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைப்பர். வீடுகளைச் சூழ அமைக்கும் கிராம வேலி மாத்திரம் ஆண்டு முழுவதும் நிலைத்திருக்கும்.

தத்தம் வயலுக்குத் தனித்தனியே வேலியிட முயல்வது பெருஞ் செலவாகும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தைச் சுற்றி வர ஏறக்குறைய 255 மீற்றர் வேலி வேண்டும். நூறு ஏக்கர் கொண்ட வட்டையை ஒன்றாகச் சுற்றி வர ஏறக்குறைய 2,550 மீற்றரே போதுமானது. அதாவது, ஏக்கரொன்றுக்கு 25½ மீற்றர் மாத்திரமே. தனித்து நிற்பவர் நூறு ரூபா செலவிடும் வேலிக்கு, கூடி நிற்பவர் பத்து ரூபா செலவிட்டாற் போதும் என்பது இக்கணக்கினாற் புலனாகும்.

வேலியை அமைத்தலும் பேணலும்

சூரிய ஒளிப் பலகையினால் 12 வோல்ற்றுப் பற்றரி ஏற்றப்படுகின்றது. அதனோடு இணைந்த கருவி ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒருமுறை மின்துடிப்பைக் கம்பியிற் செலுத்துகின்றது. அத்துடிப்பின் அழுத்தம் பல ஆயிரம் வோல்ற்றாயினும், அது நிலைப்பது செக்கனின் மிகச் சிறு பின்னமே. ஆதலால் அது வேதனையைத் தருமேயன்றி உயிரைப் போக்காது. யானையைத் தடுப்பது கம்பியின் வலிமையன்று, அவ்வேதனையின் நினைவே. எனவே, ஒரு நாளேனும் மின்சாரம் இல்லாத வேலி, பல நாட்களின் பயனை இழக்கச் செய்யும்.

கம்பத்திற்கும் கம்பிக்கும் இடையே காவலிகளைப் பொருத்துதல் இன்றியமையாதது. கம்பங்களை வயலின் உட்புறமாகவும் கம்பிகளை யானை வரும் வெளிப்புறமாகவும் அமைத்தல் வேண்டும். மின்துடிப்பு யானையின் உடல்வழி நிலத்தை அடைந்து, நிலக்கம்பி வழியே கருவிக்கு மீண்டாலன்றி அதிர்ச்சி உண்டாகாது. ஆகவே நிலக்கம்பிகளை ஈரமான இடத்தில் ஆழமாக இறக்குதல் வேண்டும். கோடையில் நிலம் வரண்டு இறுகும்போது அவ்விடத்திற்கு நீர் ஊற்றுதல் நன்று.

புல்லும் கொடியும் கம்பியைத் தொடுமாயின் மின்சாரம் அவற்றின் வழியே கசிந்து வீணாகும். எனவே வேலியின் இரு மருங்கையும் அடிக்கடி துப்புரவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு கமக்காரருக்கும் அவர் செய்கைபண்ணும் ஏக்கரின் அளவிற்கேற்ப வேலியின் ஒரு பகுதியை ஒப்படைத்து, முறைவைத்துப் பார்வையிடச் செய்தல் வேண்டும். மாலையிற் கருவியால் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தபின்னரே காவலர் பரணுக்குச் செல்லுதல் தகும். கண்காணிப்பில் ஒருவர் தவறினால் இழப்பு அனைவருக்குமாம். ஆதலின் இவ்வொழுங்குகளைப் போக ஆரம்பத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே தீர்மானித்து, எழுத்திற் பதிதல் வேண்டும்.

செய்யத் தகாதவை

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் சட்டவிரோதமான செயல் மாத்திரமன்று, கொலைக்கு ஒப்பானதுமாகும். அது யானையைக் கொல்வதிலும் எளிதாக, அதிகாலையில் வரப்பில் நடந்துவரும் அயலவரையும் மாட்டையும் கொல்லும். காய்கனிகளுள் வெடிமருந்தை மறைத்து வைத்தல் மிகக் கொடியது. அதனைக் கடித்த யானை வாய் சிதைந்து, உண்ண இயலாது பல நாட் துன்புற்றே சாகும். துவக்கினாற் காயப்பட்ட யானையும் அவ்வாறே. அது முன்னிலும் மூர்க்கமாகி, கண்ட மனிதரைத் தாக்கும். யானைகள் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்படுவன என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

யானைவெடியை அளவின்றிப் பயன்படுத்துவதும் நன்றன்று. வெடியொலியால் துன்பமெதுவும் நேராமையைக் கண்ட யானை, நாளடைவில் அதனைப் பொருட்படுத்தாது நின்று மேயும். யானை உண்மையாகவே வேலியை நெருங்கும் வேளைக்கென அதனைச் சேமித்து வைத்தல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளர், யானை வரும் புறத்தில் மிளகாய், மஞ்சள், எலுமிச்சை முதலிய யானை விரும்பாத பயிர்களையும், ஊரை அடுத்த உட்புறத்திற் பூசணி, சோளம், வாழை ஆகியவற்றையும் பயிரிடுதல் நலம். அறுவடை செய்த நெல்லை ஊரின் ஓரத்திலுள்ள குடிசைகளில் மூடை மூடையாக அடுக்குதலைத் தவிர்த்தல் வேண்டும். நெல்லின் மணத்தை முகர்ந்து யானை சுவரை உடைத்தமையால் உறக்கத்தில் உயிரிழந்தோர் உளர். கிராம வேலிக்குள் நடுவிடத்திற் பொதுக் களஞ்சியம் அமைத்தலே பாதுகாப்பானது.

அறுவடைக்குப் பின்

சூடடித்து முடிந்ததும் வேலியைக் கழற்றுதல் பற்றிக் கமக்காரர் பலர் ஐயுறுவர். வயலில் மேயவிட்டாற் பழகிய யானை அடுத்த போகத்திலும் வராதோ என அவர் வினவுதல் இயல்பே. யானை எப்படியும் அந்நிலத்தை அறியும். பயிருள்ள காலத்தில் அதனைத் தடுப்பது முன்னர்க் கூறிய வேதனையின் நினைவே. கோடையின் கடும் பஞ்சத்தில் ஒட்டுத்தாளும் மறுதளிர்ப்பும் அதற்கு உணவாகுமாயின், அக்காலத்திற் குடிமனைகளையும் தோட்டங்களையும் நாடும் தேவை அதற்குக் குறையும். முன்னோர் செய்த சேனைப் பயிர்ச்செய்கையிலும் இவ்வொழுங்கே நிலவியது. மாரியில் மனிதர் பயிரிட்டுக் காத்தனர். அவர் கைவிட்டுச் சென்ற சேனையிற் கோடைகாலத்தில் யானை மேய்ந்தது. ஒரே நிலம் காலத்தாற் பங்கிடப்பட்டது. சிறுபோகமும் செய்யும் பெருங்குளத்து வயல்களில் வேலியை இரண்டு போகங்களிலும் நிறுத்தி, இடைக்காலத்தில் மாத்திரம் திறந்துவிடலாம்.

படுவான்கரையிலும் அம்பாறையிலும் வன்னியிலும் வேளாண்மை செய்வோர், வேலிக்கான உதவிகளையும் ஆலோசனைகளையும் கமநல சேவை நிலையத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்திலும் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கச் செல்வது தனியொருவராயின் பயன் சிறிது. கமக்காரர் அமைப்பாயின் பயன் பெரிது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வேலியை வயலைச் சுற்றியும் குடிமனையைச் சுற்றியும் அமைக்க வேண்டும்.

2. வட்டை முழுவதற்கும் ஒரே வேலி. அதனைப் பேணும் பொறுப்பு அனைவருக்கும் உரியது.

3. விதைப்புக்கு முன் மின்சாரம் பாயவேண்டும். அறுவடை வரை ஓரிரவேனும் நிற்றலாகாது.

4. வீட்டு மின்சாரமும் வெடிமருந்தும் துவக்கும் ஒருபோதும் ஆகா.

5. அறுவடைக்குப் பின் வயல் வேலியைக் கழற்றி, கம்பியையும் கருவியையும் அடுத்த போகத்திற்காகப் பேணிவைக்க வேண்டும்.